ஏழு தலை குறைவு

ஊரில் யாருக்கு எத்தனை மாதம், யார் வீட்டுக் கிழவர் இன்னும் எத்தனை நாள் தாங்குவார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் நர்ஸம்மா ஒருத்திதான். பிறந்ததும் அந்த ஊர், வாழ்க்கைப்பட்டதும் அந்த ஊர், வேலை கிடைத்ததும் அதே ஊர். அவளுடைய சுகாதார நிலையம் என்பது ஒற்றை அறை. ஒரு இரும்புக் கட்டில், பிள்ளைகளை எடை போடும் தொங்குதராசு, கதவு சாத்தாத ஒரு அலமாரி, அதற்குள் பிறப்பு இறப்புப் பதிவேடு. அந்தப் பதிவேட்டில் அவள் கையெழுத்து இல்லாமல் யாரும் ஊருக்குள் வந்ததும் இல்லை, ஊரைவிட்டுப் போனதும் இல்லை.

மெயின் ரோட்டுக்கு எட்டு கிலோமீட்டர். அத்தனையும் மண்பாதை, நடுவில் இரண்டு ஓடை. வெயில் காலத்தில் முழங்கால்வரை புழுதி, மழைக்காலத்தில் இடுப்புவரை தண்ணீர். தடுப்பூசி வரும் நாளில் நர்ஸம்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போவாள். பெட்டியில் இருக்கும் ஐஸ் உருகுவதற்குள் திரும்பி வர வேண்டும். ஐஸ் ஜெயித்த நாளும் உண்டு, அவள் ஜெயித்த நாளும் உண்டு. ஐஸ் ஜெயித்தால் மருந்தைக் கொட்டிவிட்டு மறுவாரம் மறுபடியும் போவாள். சூடேறிய மருந்தை ஊசியில் ஏற்றியவள் இல்லை. அதனால் அவளுக்கு ஊரில் "நேர்கோடு" என்று இன்னொரு பெயரும் இருந்தது. முதலில் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

கணவர் தையல்காரர். "எங்க வீட்டம்மா மனுஷனுக்கு ஊசி போடறா, நான் துணிக்கு ஊசி போடறேன். துணி அழறதில்லை, அதான் எனக்கு வருமானம் கம்மி" என்பார். வாசலை ஒட்டிய அறையில் அவருடைய மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே மகள். நர்ஸம்மாவின் தம்பி இரண்டு வீடு தள்ளி இருந்தான். தக்காளி போடுகிறவன். அக்கா என்றால் அவனுக்கு உயிர். அம்மா செத்தபோது அவனுக்கு ஏழு வயது. தலை துவட்டிவிட்டு வளர்த்தவள் அவள்தான்.

நர்ஸம்மாவுக்கு நாற்பத்தாறு வயது நடந்த வருடம் நாடு முழுக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. ஊரிலேயே குடியிருக்கும் அரசாங்க ஊழியர் அவள் ஒருத்திதான் என்பதால் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது. ஐநூறு பேர் இருக்கும் ஊருக்குத் தார் ரோடும் பஸ்ஸும் உண்டு. ஐநூறுக்கு ஒரு ஆள் குறைந்தாலும் கிடையாது.

ஒன்பது நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்கு வெல்லத் தண்ணீர் கொடுத்தார்கள். பெயரை எழுதும்போது எட்டிப் பார்த்தார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இவனையும் மறக்காம எழுதிக்கோ" என்று மூக்குக்கு நேரே நீட்டினார்கள். ஒன்பதாம் நாள் மாலை கூட்டிப் பார்த்தபோது நானூற்றுத் தொண்ணூற்று மூன்று வந்தது. மறுபடி கூட்டினாள். அதுவேதான் வந்தது.

மறுநாள் காலை ஊர்த் தலைவர் சுகாதார நிலையத்துக்கு வந்தார். நல்ல மனிதர்தான். சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது ஒரு மனு மடித்து வைத்திருப்பார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

"நர்ஸம்மா, எவ்வளவு வந்துது?"

"தொண்ணூத்தி மூணு, தலைவரே."

"ஏழுதானே குறையுது. பட்டணத்துல வேலைக்குப் போன பசங்க இருக்கானுங்க. ஏழு பேரைச் சேர்த்துடு."

"அவங்களை அங்கே எழுதுவாங்க. இங்கேயும் எழுத முடியாது."

தலைவர் விரல்விட்டு எண்ணினார். "சரி, அது வேண்டாம். இப்ப ஊர்ல ஏழு பேர் மாசமா இருக்காங்களா இல்லையா? உன் தம்பி பொண்டாட்டியையும் சேர்த்து? நீதானே மாசாமாசம் பார்க்குறே?"

"ஆமா."

"வயித்துல இருக்கறது உசுரா, கல்லா? அதை எழுது. பொய்யே இல்லையே."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேர் என்னன்னு கேட்டா என்ன எழுதறது, தலைவரே? ஆணா பொண்ணான்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன போடறது?"

"எதையாவது போடு. வெளிய வந்து மாத்திச் சொல்லவா போகுது?"

அவள் மாட்டேன் என்றாள். தலைவர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். படிவத்தின் அடியில் "நான் எழுதியது அனைத்தும் உண்மை" என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருடமாக எதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாலும் அதை நம்பித்தான் போட்டிருக்கிறாள். அந்தப் பிடிமானம் போய்விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் தம்பியும் வந்து நின்றான்.

"அக்கா, தக்காளி வருஷா வருஷம் ஓடைக் கரையிலேயே அழுகுது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

கணவரைப் பார்த்தாள். தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "என்னைப் பார்த்தா? அளவெடுத்தது நீ. கூட்டியோ குறைச்சோ வெட்டினா துணிதான் வீணாப் போகும்" என்றார். அவர் சொன்னது தனக்கு ஆதரவா எதிர்ப்பா என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. நானூற்றுத் தொண்ணூற்று மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து மாவட்ட அலுவலகத்தில் பாராட்டு விழா. நேர்மையான பணிக்காக என்று அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அவளுக்கு முந்தி அதே சான்றிதழை வாங்கியவர் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரைக் கணக்கெடுத்த குமாஸ்தா. அந்த ஊருக்கும் தடுப்பூசி போடுகிறவள் நர்ஸம்மாதான். அங்கே நானூற்று எழுபத்தொரு பேர் என்பது அவள் பதிவேட்டிலேயே இருந்தது. அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அந்த ஊருக்கு நேராக ஐநூற்று இருபத்து மூன்று என்று போட்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குமாஸ்தா பக்கத்தில் வந்தார்.

"என்ன நர்ஸம்மா, உங்க ஊருக்கு ஏழு குறையுதாமே? சொல்லியிருந்தா நான் எங்க ஊர்லேர்ந்து கடன் குடுத்திருப்பேனே" என்று சிரித்தார்.

அந்த ஊருக்கு அடுத்த வருடமே ஜல்லி வந்து இறங்கியது.

இவர்கள் ஊரில் அதற்குள் ஏழு பெண்களுக்கும் பிரசவமாகிவிட்டது. எட்டுப் பிள்ளைகள், தம்பி மனைவிக்கு மட்டும் இரட்டை. நடுவில் ஒரு கிழவர் போய்ச் சேர்ந்தார். கணக்கெடுப்பு முடிந்த ஐந்தாம் மாதம் ஊரில் சரியாக ஐநூறு பேர் இருந்தார்கள். தலைவர் புது மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். கணக்கெடுப்பு நாள் தாண்டிவிட்டது, பத்து வருடம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த இரட்டைப் பிள்ளைகள் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். அது கணக்கெடுப்பு முடிந்த நாலாம் மாதம், மழைக்காலத்து மத்தியானம். முதல் பெண் குழந்தை நர்ஸம்மாவின் கையில் நல்லபடியாக விழுந்து வீறிட்டு அழுதது. இரண்டாவது குறுக்கே கிடந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்ததுமே தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தம்பி டிராக்டர் கொண்டுவந்தான். டிரெய்லரில் மெத்தையைப் போட்டு தம்பி மனைவியைப் படுக்கவைத்தார்கள். முதல் ஓடையில் சக்கரம் இறங்கியது. இறக்கித் தள்ளி ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம். இரண்டாவது ஓடையில் தண்ணீர் வடியும்வரை காத்திருந்தார்கள். டிரெய்லரில் தம்பி மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையின் இதயத் துடிப்பை நர்ஸம்மா எண்ணிக்கொண்டே இருந்தாள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது.

"அண்ணி, என்ன ஆச்சு? சொல்லுங்க அண்ணி."

"ஒண்ணுமில்லை. மூச்சை இழுத்து விடு."

மருத்துவமனையில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். உயிரோடுதான் இருந்தது. ஆனால் அழவில்லை. பிறகும் ரொம்ப நாள் அழவில்லை. கழுத்து நிற்கவில்லை, கால் ஊன்றவில்லை. மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் அதிகம் என்று டாக்டர் சொன்னார்.

ஏழு பேரைச் சேர்த்து எழுதியிருந்தாலும் நாலு மாதத்தில் ரோடு வந்திருக்காது. ஓடைக்குப் பாலம் கட்டவே ஒரு வருடம் ஆகும். இது நர்ஸம்மாவுக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். ஆனால் அந்தக் குழந்தையின் தலை தோளில் சாயும்போது இந்த நியாயத்தை யார் வாயைத் திறந்து சொல்வது? அவள் சொல்லவில்லை. தினமும் போய் குழந்தையின் காலை நீட்டி மடக்கிவிட்டாள். தம்பி அவள் வந்தால் வெளியே போய்விடுவான். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒருநாள் அவன் சாமான்களை டிராக்டரில் ஏற்றினான். பட்டணத்தில் குழந்தைக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறார்கள், இங்கிருந்து போய்வர முடியாது. நர்ஸம்மா ஓடிப்போய் நின்றாள்.

"போய்ட்டு லெட்டர் போடுடா."

அவன் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னான். "எதுக்கு? அதையும் படிச்சுக் கையெழுத்துப் போடவா? இனிமே உன் கணக்குல இன்னும் நாலு பேரைக் கழிச்சுக்கோ."

அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

மகளுக்கு அப்போது பதினாலு வயது. ஊரில் ஐந்தாம் வகுப்புவரைதான். மேலே படிக்க டவுனுக்குப் போக வேண்டும். முதல் மூன்று வருடம் நாலு பெண்களோடு சேர்ந்து மெயின் ரோடுவரை நடந்து, அங்கிருந்து பஸ் ஏறிப் போய்வந்தாள். நாலு பெண்களும் ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். தனியாக ஒரு பெண்ணை அந்தப் பாதையில் அனுப்ப முடியாது. கடைசியில் தையல்காரர் மெஷினைக் கழற்றிச் சாக்கில் கட்டினார். டவுனில் ஒரு அறை எடுத்து மகளோடு தங்கிப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. நர்ஸம்மாவுக்கு வேலை இங்கே. அவள் வரமுடியாது.

"ரெண்டு வருஷம்தானே. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும்" என்றார் தையல்காரர்.

இரண்டு வருடம் பத்து வருடமாயிற்று. முதலில் வாராவாரம் வந்தார்கள், பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு விசேஷம் இருந்தால் மட்டும். நர்ஸம்மா விடுப்பு எடுத்துப் போனால் அந்த அறையில் விருந்தாளிபோல இருந்தாள். எந்த டப்பாவில் உப்பு இருக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. மகள் படித்து முடித்து ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருமுறை அம்மாவுக்குத் தட்டு வைத்தபடியே சாதாரணமாகச் சொன்னாள்:

"நான் பெரியவளானப்போ எனக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து ரூம் அக்காதான்மா. ஊருக்கே நர்ஸு எங்கம்மா. என்னைப் பார்த்துக்கத்தான் பஸ் இல்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் நர்ஸம்மா பதில் சொல்லியிருப்பாள். அவள் சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்.

ஊரும் அப்படித்தான் கரைந்தது. ஒரே நாளில் யாரும் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்காக ஒரு வீடு, மருந்துக்காக ஒரு வீடு, பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு வீடு. பூட்டின வீடுகளில் பூட்டு துருப்பிடித்தது. பிறகு கூரை இறங்கியது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் பஸ் வந்து, பஸ்ஸோடு இரண்டு கடை வந்து, கடையோடு ஆட்களும் வந்தார்கள். எழுநூறைத் தாண்டிவிட்டது அந்த ஊர். பொய்யாக எழுதிய ஐம்பது பேரும் நிஜமாகவே வந்து குடியேறிவிட்டதுபோல இருந்தது. "நேர்கோடு" என்று இவர்கள் ஊரில் இப்போது வேறு தொனியில் சொன்னார்கள்.

மறுபடி கணக்கெடுப்பு வந்தபோது நர்ஸம்மாவுக்கு ஐம்பத்தாறு. ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். இந்தத் தடவை காகிதம் இல்லை. ஒரு போனைக் கொடுத்து அதில் எழுதச் சொன்னார்கள். வீடு வீடாகப் போனாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. தலைவருக்குக் கண் மங்கியிருந்தது. வாசலில் உட்கார்ந்தபடியே, "எழுது, எழுது. எத்தனை எழுதினா என்ன, நாம வந்துட்டமா போயிட்டமான்னு கேட்க எவன் இருக்கான்" என்றார். மொத்தம் நானூற்று இருபத்தொன்று.

அன்று அவள் போனை மூடவில்லை. பூட்டிய வீடுகளின் பக்கம் நடந்தாள். முதல் பூட்டின் முன்னால் நின்று, அங்கே இருந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதினாள். பதிவேட்டைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. யார் எந்த வருடம் எந்த மாதம் பிறந்தார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். வயதைச் சரியாகக் கூட்டினாள். போனபோது மூன்று வயதாக இருந்தவனுக்குப் பதினொன்று போட்டாள். அவன் ஆறாம் வகுப்பில் இருப்பான் என்று நினைத்து அதையும் எழுதினாள். தம்பி வீட்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். நாலு பேரையும் எழுதினாள். சின்னவளுக்கு நேராக, நடக்க இயலாதவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதிலும் விரலை வைத்தாள். கடைசியில் தன் வீட்டுக்கு வந்து கணவரையும் மகளையும் எழுதினாள். செத்தவர்களை மட்டும் எழுதவில்லை. அதற்கு மனசு வரவில்லை. எண்பத்து மூன்று பேர். ஐநூற்று நாலு. அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பயமாக இல்லை. எல்லோரும் திரும்பி வந்து அவரவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நிறைவு இருந்தது. வேலையில் அவள் சொன்ன முதல் பொய் அது. சொல்லப்போனால் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

மூன்றாம் மாதம் ஒரு ஜீப் வந்தது. இறங்கியவள் இளம் வயது அதிகாரி, செருப்பெல்லாம் சேறு. கையில் ஒரு பட்டியல்.

"நீங்கதான் நர்ஸம்மாவா? இந்த லிஸ்ட்ல எழுபத்தொன்பது பேர் வேற வேற ஊர்லயும் பதிவாகியிருக்காங்க. ஒரே பேர், ஒரே பிறந்த தேதி. மெஷினே பிடிச்சிருச்சு. இதுல ரெண்டு பேர் உங்க வீட்டுக்காரரும் பொண்ணும். டவுன்ல அவங்க வாயாலயே சொல்லிப் பதிவு பண்ணியிருக்காங்க."

"ஆமாம்மா."

"தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"தெரிஞ்சேதான்."

அதிகாரி கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள் நர்ஸம்மா. அவள் திட்டவில்லை. "உங்க ஃபைலைப் படிச்சேன். போன தடவை சான்றிதழ் வாங்கியிருக்கீங்க. ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"ஐநூறு இருந்தா ரோடு."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். "ஐநூறா? அது பழைய விதிம்மா. இந்த வருஷம் மாத்திட்டாங்க. முந்நூறு இருந்தாலே போதும். கணக்கெடுப்புக்கு முன்னாடியே எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பினோமே?"

"எனக்கு வரலையே."

வந்திருந்தது. மெயின் ரோட்டில் ஒரு பெட்டிக்கடை. ஊருக்கு வரும் தபாலையெல்லாம் அங்கேதான் போட்டுவைப்பார்கள், யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்துவருவார்கள். அந்தத் தடவை மழையில் ஐந்து வாரம் யாரும் போகவில்லை. பிறகு போனவர்களும் மறந்துவிட்டார்கள். ஜீப் டிரைவரே போய் எடுத்துவந்து கொடுத்தான். உறையின் ஒரு ஓரத்தை எலி கடித்திருந்தது. உள்ளே இருந்த எழுத்தெல்லாம் நன்றாகவே தெரிந்தது. முந்நூறு.

நானூற்று இருபத்தொன்று என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலே ரோடு வந்திருக்கும்.

அதிகாரி போகும்போது, "என்னால இதை மறைக்க முடியாதும்மா" என்றாள். "மறைக்க வேண்டாம். நான் உங்க இடத்துல இருந்தாலும் மறைச்சிருக்க மாட்டேன்" என்றாள் நர்ஸம்மா. அது உண்மைதான்.

அவளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அதோடு நின்றிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். விசாரணை முடியும்வரை ஊரின் எண்ணிக்கையே செல்லாது என்று நிறுத்திவைத்தார்கள். எண்ணிக்கை இல்லாத ஊருக்கு ரோடு போட முடியாது. விசாரணை இரண்டரை வருடம் நடந்தது. அதிகாரிகள் மாறினார்கள், ஒவ்வொருத்தரும் முதலிலிருந்து படித்தார்கள். நடுவிலேயே அவளுக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. மாலையும் இல்லை, வழியனுப்பலும் இல்லை. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு அனுப்பினார்கள்.

தலைவர் சாகும்வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "உண்மை சொல்ல வேண்டாத நேரத்துல உண்மை சொன்னா. பொய் சொல்ல வேண்டாத நேரத்துல பொய் சொன்னா. அந்த அம்மா கெட்டவ இல்லை. நம்ம ஊருக்குன்னு வந்து வாய்ச்சா." கேட்டவர்கள் சிரித்தார்கள். நர்ஸம்மாவின் காதுபடவே சொன்னார்கள்.

தையல்காரர் கூப்பிட்டார். "போதும், இங்க வந்துடு. அங்க என்ன வெச்சிருக்கே?" அவள் போகவில்லை. புது நர்ஸ் யாரும் வரவில்லை. வேலையே இல்லாவிட்டாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவள் கதவைத்தான் தட்டினார்கள். அவளிடம் பேசாதவர்களும் தட்டினார்கள். பிள்ளையைக் காட்டிவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு, பேசாமலே போனார்கள்.

கடைசியில் ரோடு வந்தது. இரண்டு ஓடைக்கும் பாலம் வந்தது. அதற்குப் பின்னால் ஒருநாள் முற்பகல் பதினொரு மணிக்குப் பஸ்ஸும் வந்தது. ஒரே நடை. வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்களுக்கும் பயன்படாத நேரம், வேலைக்குப் போகிறவர்களுக்கும் பயன்படாத நேரம். அடுத்த மாதம் இரண்டு கடிதங்கள் வந்தன. ஊருக்குப் பஸ் வசதி ஏற்பட்டுவிட்டதால் சுகாதார நிலையம் மூடப்படுகிறது, டவுன் மருத்துவமனைக்குச் செல்லலாம் என்று ஒன்று. ஆரம்பப் பள்ளியையும் அப்படியே என்று இன்னொன்று. இந்தக் கடிதங்கள் ஒருநாள்கூடத் தாமதிக்கவில்லை, பஸ்ஸிலேயே வந்தன. இரும்புக் கட்டிலையும் தொங்குதராசையும் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வருடம் மட்டும் பதினான்கு குடும்பம் கிளம்பியது. டிராக்டர் பிடிக்கத் தேவையில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏறினால் போதும்.

அப்படி ஒரு நாள் பதினொரு மணிப் பஸ்ஸிலிருந்து தம்பி இறங்கினான். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தலை நரைத்திருந்தது. கூட ஒரு தச்சன். தம்பி நேராகத் தன் பழைய வீட்டுக்குப் போனான். கூரை இல்லை, சுவர் பாதிதான் இருந்தது. வாசல் கதவும் நிலையும் மட்டும் நல்ல மரம், அசையாமல் நின்றன. தச்சன் உளியை வைத்தான். சத்தம் கேட்டு நர்ஸம்மா வந்தாள்.

"வாடா."

"ம்."

"சாப்பிட்டியா?"

"நேரமில்லை. பஸ் போயிடும். டிரைவர்கிட்ட அரை மணி நேரம் நிக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கேன்."

கதவு கழன்று சாய்ந்தது. தச்சன் நிலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். கதவின் ஒரு பக்கத்தைத் தம்பி பிடித்தான். மறுபக்கம் பிடிக்க ஆளில்லை. நர்ஸம்மா பிடித்தாள். அவன் விடச் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதைப் பஸ்வரை தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கனமான கதவு. நடுவில் ஒருதரம் கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். மறுபடி தூக்கினார்கள்.

பஸ்ஸின் மேலே கதவை ஏற்றிக் கட்டும்போதுதான் ஜன்னலோரம் இருந்த பெண்ணைப் பார்த்தாள். பதினாலு வயது இருக்கும். கழுத்தைத் தாங்க ஒரு பட்டை. பக்கத்துச் சீட்டில் மடித்துவைத்த சக்கர நாற்காலி. மூக்கு அப்படியே தம்பியின் மூக்கு. நர்ஸம்மா படியேறி உள்ளே போனாள். அந்தக் காலைத் தொட்டாள். மெலிந்திருந்தாலும் முன்னைப்போல விறைப்பாக இல்லை, நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். முட்டியை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தாள். கை தன்னால் அந்த வேலையைச் செய்தது. பெண் காலை இழுத்துக்கொள்ளவில்லை, ஆச்சரியத்தோடு பார்த்தாள். பேச்சு கொஞ்சம் குழறினாலும் நன்றாகவே புரிந்தது.

"அப்பா, யார் இவங்க?"

தம்பி படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான். கயிற்றின் மிச்சத்தைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். நர்ஸம்மாவும் அவன் வாயையே பார்த்தாள்.

"இந்த ஊர்ல முன்னாடி நர்ஸா இருந்தவங்க" என்றான்.

"வணக்கம்" என்றது அந்தப் பெண்.

"நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா இறங்கினாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.